கொங்கன்படைக்கு முன் ஐந்து நாள்: ஒரு செவன்ஸ் வேனின் நாட்குறிப்பு

முதல் நாள், வெள்ளி

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம் எங்கள் பையன்கள் பந்து உதைக்கும் மைதானத்தில் ராட்டினக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். கோல் கம்பங்களைப் பிடுங்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, அதே குழிகளில் கடைக்குக் கால் நடுகிறார்கள். கொங்கன்படை முடியும்வரை அங்கே பந்து உருளாது. கொங்கு நாட்டுப் படை சித்தூரைத் தாக்க வந்ததாகவும், பகவதியின் துணையோடு ஊரார் அதை அடித்து விரட்டியதாகவும் சொல்லிக் கொண்டாடும் திருவிழா அது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ் பேசி வளர்ந்த நான், சிறு வயதில் அதைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எந்தப் பக்கம் நின்று கூவுவது என்று தெரியாமல் விழித்திருக்கிறேன். வெளியூர் ஆட்டத்துக்கு வந்து தோற்றவர்கள் நம் ஆட்கள் அல்லவா!

மைதானம் போய்விட்டதால் அணி ஐந்து நாள் வெளியூரில். அக்காள் மகன்தான் அணியின் மேனேஜர். இடது பக்கத் தடுப்பாட்டக்காரனும் அவனே. "மாமா, வேனில் ஒரு இடம் இருக்கிறது. நேரக்கணக்குப் பார்க்க ஆள் வேண்டும், வருகிறீர்களா?" என்று கேட்டான். நான் ரயில்வேயில் லோகோ பைலட்டுகளுக்கு, அதாவது ரயில் ஓட்டுநர்களுக்கு, வண்டி ஒதுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யார் எந்த வண்டியில் ஏறுவது, எங்கே இறங்குவது, எத்தனை மணி நேரம் தூங்குவது என்பதைச் சுழற்சியாக எழுதி வைப்போம். அதற்கு லிங்க் என்று பெயர். அந்தக் கிறுக்கு இன்னும் விடவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

செவன்ஸ் கால்பந்து பற்றி வாளையாறு எல்லைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில், இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அணிக்கு ஏழு பேர். மலப்புறம், பாலக்காடு, கோழிக்கோடு, திருச்சூர்ப் பக்கங்களில் மழை ஓய்ந்த பிறகு தொடங்கி அடுத்த மழை வரும்வரை, அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் தற்காலிக கேலரி கட்டி, விளக்குப் போட்டு, டிக்கெட் விற்று இரவில் நடத்துவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வருவார்கள். ஒரே அணி இன்று ஓர் ஊர்ப் போட்டியில் ஆடும், நாளை வேறோர் ஊரில் வேறொரு போட்டியில் ஆடும். எல்லாம் நாக்-அவுட்; தோற்றால் அந்தப் போட்டியோடு சரி.

மைதானத்தைத் திருவிழாவுக்கு விட்டுவிட்டு ஊர் சுற்றுவது ஏழை அணியின் தலைவிதி என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்று பெரிய அணி ஒன்று உண்டு. 2003 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் அவர்களுடைய அரங்கத்தில் மாட்டுச் சந்தையும் முரட்டுக் குதிரை ஏறும் ரோடியோ விளையாட்டும் நடக்கும். அது முடியும்வரை கோடீஸ்வர ஆட்டக்காரர்கள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வாரக்கணக்கில் வெளியூர் ஆட்டங்களுக்குப் போய்விடுவார்கள். சிகாகோவில் இதே வேலையைச் சர்க்கஸ் செய்தது. நவம்பரில் சர்க்கஸ் கூடாரம் வந்ததும், அரங்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூடைப்பந்து அணியும் பனி ஹாக்கி அணியும் கிளம்பிவிடும். சர்க்கஸ் கம்பெனி 2017-இல் கடையை மூடிய பிறகுதான் அந்தப் பழக்கம் நின்றது. எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம். மாட்டுக்குத்தான் முதல் மரியாதை, அங்கேயும்.

மாலை 4 மணிக்குக் கிளம்பினோம். பாலக்காட்டில் நெரிசல், முண்டூரில் டீ, அப்புறம் வலப்பக்கம் கல்லடிக்கோட்டு மலை கூடவே வந்தது. மண்ணார்க்காடு சேரும்போது 6.50. வேனுக்குள் பன்னிரண்டு பேர். கோல் காக்கும் கோலி மட்டும் நடைபாதையில் காலை நீட்டிக்கொள்ளலாம் என்று எழுதாத சட்டம் இருக்கிறது. பூட்ஸ்களை லேஸால் ஜோடி ஜோடியாகக் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். வளைவுக்கு வளைவு அவை என் காதில் உதைத்தன.

8.30-க்கு ஆட்டம் என்றார்கள். தொடங்கியது 9.10. ஜெயித்தோம். அரையிறுதி எப்போது என்று கேட்டால் கமிட்டிக்காரர் வானத்தைப் பார்த்து, "செவ்வாய், இல்லாவிட்டால் புதன்" என்றார். கல்யாண மண்டபத்தின் மாடியில் ஜமக்காளம் விரித்துப் படுத்தோம். நோட்டில் முதல் வரி: சைன் ஆன், அதாவது வேலை தொடக்கம், 16.00; சைன் ஆஃப், வேலை முடிவு, 00.50.

இரண்டாம் நாள், சனி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். சைன் ஆஃப் 00.50 என்றேன். அது நான் படுத்த நேரம். பையன்கள் கண் மூடியது 2 மணிக்கு மேல். ஆடி முடித்த உடம்பு உடனே அடங்காது என்கிறான் மருமகன். இருட்டில் ஆளாளுக்குக் கைப்பேசி வெளிச்சம். யாரோ ஒருவன் தவறவிட்ட கோலைப் பற்றி இன்னொருவன் முனகிக்கொண்டே இருந்தான். என் பழைய உத்தியோகத்தில் இதற்குப் பத்தி கிடையாது. வண்டியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டால் ஓய்வு தொடங்கிவிட்டது என்றுதான் கணக்கு.

பெரிந்தல்மண்ணைக்கு முப்பது கிலோமீட்டர்தான். காலை பத்து மணிக்கே போய்ச் சேர்ந்து, பகல் முழுவதும் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கோலி கல்லூரியில் கணிதம் படிக்கிறவன். நேற்று நான் சொன்ன மாட்டுச் சந்தைக் கதை அவன் மண்டையில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. "லீக் அட்டவணையை யார் மாமா எழுதுவார்கள்? கம்ப்யூட்டரா?" என்றான்.

ஆள்தான், ரொம்ப காலம். அமெரிக்க பேஸ்பால் பெரிய லீகில் ஓர் அணி ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆட வேண்டும். பாதி உள்ளூரில், பாதி வெளியூரில். அந்த மலையளவு அட்டவணையை 1982 முதல் 2004 வரை எழுதிக் கொடுத்தவர்கள் ஹென்றி ஸ்டீபன்சன், ஹாலி ஸ்டீபன்சன் என்ற கணவன் மனைவி. கணினி துணைக்கு இருந்தது, ஆனால் வேலை நடந்தது வீட்டில். அதைக் கேட்டதும் எனக்கு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் கண்முன் வந்தது. "சிகாகோவை எங்கே வைத்தாய்?" என்று ஒருவர் கேட்க, "சியாட்டிலுக்குப் பின்னால்" என்று மற்றவர் சொல்லியிருப்பார். என் மனைவியிடம் லிங்க் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவாள்.

கோலி கடைக்காரரிடம் ஆறு காலி கிளாஸ்களை வாங்கி மேசையில் வைத்தான். மேல் வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம்: கொழிஞ்சாம்பாறை, சித்தூர், நெம்மாறை, கொல்லங்கோடு, வேலந்தாவளம், பொள்ளாச்சி. எதிரெதிரே நிற்கும் கிளாஸ்கள் மோதும். மூன்று ஆட்டம், முதல் வாரம் முடிந்தது. பிறகு கொழிஞ்சாம்பாறையை மட்டும் அசைக்காமல், மற்ற ஐந்தையும் கடிகார முள் சுற்றும் திசையில் ஓர் இடம் தள்ளினான். மறுபடி எதிரெதிரே பார்த்தால் இரண்டாம் வாரம். ஐந்து வாரத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை ஆடிவிட்டார்கள். ஒருவரும் விடுபடவில்லை, ஒரு ஜோடியும் இரண்டு முறை வரவில்லை. கடைக்காரர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தார்.

"இது சுலபம். எந்த ஆட்டம் யார் ஊரில் என்று சொல், பார்க்கலாம்" என்றேன். அங்கேதான் சிக்கியது. எல்லா அணிக்கும் உள்ளூர், வெளியூர், உள்ளூர், வெளியூர் என்று மாறி மாறி வந்தால் நியாயம். அரை மணி நேரம் கிளாஸ்களைத் தள்ளிக்கொண்டே இருந்தான், வரவில்லை. பிறகு சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். வரவே வராது! மாறி மாறி வருவதற்கு இரண்டே வழிதான் உண்டு. ஒன்று உள்ளூரில் தொடங்குவது, மற்றது வெளியூரில் தொடங்குவது. இரண்டு அணிகள் ஒரே வழியில் போனால், இருவரும் ஒரே வாரம் உள்ளூரில் இருப்பார்கள், ஒரே வாரம் வெளியூருக்குப் போவார்கள். அப்படியானால் அந்த இருவரும் எங்கே சந்திப்பது? ஆகவே ஒவ்வொரு வழிக்கும் ஓர் அணிதான். ஆறில் இரண்டு அணிகளுக்கு மட்டுமே ஒழுங்கான மாற்று கிடைக்கும். மற்ற நான்கும் எங்காவது ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு வெளியூரோ இரண்டு உள்ளூரோ ஆடித்தான் தீர வேண்டும். அணிகள் எத்தனையோ அதில் இரண்டு குறைத்துக்கொள். அத்தனை முறையாவது இந்த ஒழுங்கு முறிந்தே தீரும். கணிதக்காரர்கள் இதை எப்போதோ நிரூபித்து வைத்துவிட்டார்கள்.

யாருக்கு அநியாயம் செய்வது என்று தேர்ந்தெடுப்பதுதான் அட்டவணை எழுதுகிறவரின் வேலை. இதை நான் சொன்னதும் மருமகன் சிரித்தான். "எங்களுக்குத்தான் செய்திருப்பார்கள்" என்றான்.

தூரத்தையும் சேர்த்துவிட்டால் கதை இன்னும் கெடும். 2001-இல் ஈஸ்டன், நெம்ஹவுசர், ட்ரிக் என்ற மூவர் இதைக் கணிதப் புதிராகவே எழுதி உலகத்தின் முன் வைத்தார்கள். எல்லாரும் எல்லாரோடும் இரண்டு முறை ஆட வேண்டும். ஒரேயடியாக மூன்றுக்கு மேல் உள்ளூரும் கூடாது, வெளியூரும் கூடாது. எல்லா அணிகளும் பயணம் செய்யும் மொத்தத் தூரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். கேட்க எளிது. அணிகள் கூடக் கூடக் கணினியே மூச்சு வாங்கும். அந்த மூவரில் ட்ரிக், ஸ்டீபன்சன் தம்பதிக்குப் பிறகு பேஸ்பால் அட்டவணையை எழுதிய குழுவில் இருந்தவர்.

ஆனால் கோலி கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "நமக்கு எதற்கு மாமா இந்தக் கணக்கு? நமக்கு நாளைக்கு எங்கே என்று இன்று ஜெயித்தால்தானே தெரியும்?"

உண்மைதான். லீகில் தோற்றாலும் அடுத்த ஊருக்கு டிக்கெட் உண்டு. நாக்-அவுட்டில் ஒவ்வோர் இரவும் இரண்டு வழிகளாகப் பிரிகிறது. மூன்று போட்டிகளில் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்கும் அணிக்கு எட்டு வழிகள். ஓட்டுநர் ஆட்டம் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து ஸ்கோரைக் கேட்டுவிட்டுப் போவார், வண்டியை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள.

ராத்திரி ஆட்டம் சமன். பெனால்டியில் தோற்றோம்.

மூன்றாம் நாள், ஞாயிறு

இரண்டு கமிட்டிகள் ஒரே இரவுக்கு எங்களைப் போட்டு வைத்திருக்கின்றன. ஒன்று அரீக்கோடு; மற்றது இன்னோர் ஊர், பெயர் வேண்டாம். இருவரும் நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். நோன்பு வருவதற்குள் போட்டியை முடித்துவிட வேண்டும் என்று இருவருக்கும் அவசரம். காலையிலிருந்து மருமகன் கைப்பேசியும் காதுமாக வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தான். மலையாளத்தில் கெஞ்சினான், தமிழில் தனக்குத்தானே திட்டிக்கொண்டான். கடைசியில் அரீக்கோடு என்று முடிவாயிற்று. மற்றவர்கள் இனி எங்களைக் கூப்பிட மாட்டார்கள். மதியச் சாப்பாட்டை அவன் தொடவில்லை.

போகிற வழியில் மஞ்சேரி. பய்யநாடு மைதானத்தின் விளக்குக் கோபுரங்களைப் பார்க்க வேண்டும் என்று வண்டியைத் திருப்பச் சொன்னேன். 2022 மே 2-ஆம் தேதி, பெருநாளுக்கு முந்தைய இரவு, இங்கேதான் கேரளம் வங்காளத்தைப் பெனால்டியில் வென்று, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை எடுத்தது. நோன்புக் காலத்தில் நடந்த போட்டி அது. கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம்.

2024-இல் ஆறு அணிகளோடு சூப்பர் லீக் கேரளா என்ற கால்பந்து லீக் தொடங்கியபோதும் இந்த மைதானத்தில் ஆட்டம் உண்டு. மலப்புறம் அணிக்கு இது சொந்த மைதானம், அது சரி. திருச்சூர் அணிக்கும் முதல் வருடம் இதுவே சொந்த மைதானம்! கண்ணூர் அணிக்கோ கோழிக்கோடு. ஆறு அணிகளுக்கு நான்கு மைதானம்தான் கிடைத்தன. அட்டவணையில் உள்ளூர் ஆட்டம் என்று இருக்கும்; ஆட்டக்காரன் பஸ் ஏறித்தான் வருவான். ஐபிஎல்-லில் 2011-இல் ஒரே ஒரு வருடம் இருந்த கொச்சி அணியும் உள்ளூர் ஆட்டங்களில் சிலவற்றை இந்தூரில் ஆடியது. கொச்சி எங்கே, இந்தூர் எங்கே! உள்ளூர் என்ற சொல்லுக்கு அட்டவணையில் இருக்கும் பொருள் அகராதியில் இருப்பதல்ல.

அரீக்கோட்டில் ஜெயித்தோம். எங்கள் கானா நாட்டுக்காரன் இரண்டு கோல். அடுத்த ஆட்டம் செவ்வாய், செர்ப்புளசேரியில். ஆக நாளை ஒன்றும் இல்லை. தூக்கம் வருகிறது; கை ஓடவில்லை.

நான்காம் நாள், திங்கள்

ஓய்வு நாள். யாரும் கொடுத்ததல்ல, அதுவாக விழுந்தது.

காலையில் சாலியாற்றில் குளித்தோம். ஆற்றில் முழங்கால் ஆழம்தான் தண்ணீர். பையன்கள் வரிசையாகக் கூழாங்கல்மேல் உட்கார்ந்து காலை நீரோட்டத்தில் வைத்துக்கொண்டார்கள். மருமகனின் வலது கணுக்கால், சனிக்கிழமை வாங்கிய உதை, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வீங்கின இடத்தில் விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து, மெதுவாக நிரம்பியது. "வலிக்கிறதா?" என்றேன். "ஓடும்போது தெரியாது மாமா. வேனில்தான்" என்றான்.

கானாக்காரன் தண்ணீருக்குள் இறங்கவில்லை. கரையில் மரத்தடியில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினான். வேன், மண்டபம், டீக்கடைப் பெஞ்சு என்று எங்கே உட்கார்ந்தாலும் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறான். விழித்தால் கேட்பது இரண்டே கேள்வி, இரண்டும் மலையாளத்தில்: எத்தனை மணி, எத்தனை கிலோமீட்டர். கேலரியில் இருப்பவர்கள் அவனைச் சுடானி என்று கூப்பிடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இந்தப் பக்கத்தில் சுடானிதான். தன் நாடு எது என்று முதல் வருடம் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தானாம். இப்போது விட்டுவிட்டான்.

நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். வெள்ளி மாலை 4 மணியிலிருந்து ஞாயிறு நள்ளிரவு தாண்டி ஒரு மணிவரை 57 மணி நேரம். அதில் பையன்கள் படுத்துத் தூங்கியது, நான் பார்த்தவரை, பதினொன்றே கால் மணி நேரம். மூன்று இரவு, மூன்று ஆட்டம். என் கீழிருந்த லோகோ பைலட் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்துத் தலைமையிடத்துக்குத் திரும்பினால் 16 மணி நேரம் ஓய்வு. அது விதி. வெளியூரில் இறங்கினால் 8 மணி நேரம், ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் கட்டில், கொசுவலை, சமையல்காரர்.

விதி என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பெண்மணி. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆள் பற்றாக்குறை. ஒரு டிரைவர் வந்து 14 மணி நேரம்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் வண்டிக்கு அழைத்து வரச்சொல்லி அவர் வீட்டுக்குக் கால் பாயை, அதாவது வீடு தேடிப்போய் ஆளைக் கூப்பிடும் பையனை, அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தான். டிரைவரின் மனைவி கையில் அலாரம் கடிகாரத்தோடு வாசலுக்கு வந்தாளாம். "இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாளாம். எனக்குக் கோபம். என் மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

பெரிய லீகுகளிலும் இப்படிக் கதவைச் சாத்தித்தான் விதிகள் வந்திருக்கின்றன. பேஸ்பாலில் தொடர்ந்து 20 நாளுக்கு மேல் இடைவெளி இல்லாமல் ஆட்டம் வைக்கக்கூடாது; அது ஆட்டக்காரர் சங்கமும் முதலாளிகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. என்பிஏ-வில் ஓர் அணிக்கு 82 ஆட்டம். ஐந்து இரவில் நான்கு ஆட்டம் என்ற கொடுமை அங்கே நெடுநாள் இருந்து, 2017-18 பருவத்திலிருந்து அட்டவணையை விட்டுப் போனது. ஆட்டம் முடிந்த கையோடு தனி விமானத்தில் ஏற்றி, நள்ளிரவில் அடுத்த ஊர் ஓட்டலில் இறக்கும் வசதி உள்ளவர்களுக்கே அந்தக் கதி. ஐந்து இரவில் நான்கு! எங்கள் கணக்கைப் பாருங்கள்: வெள்ளி, சனி, ஞாயிறு, செவ்வாய். அப்படியே அச்சில் வார்த்தது போல.

தனி விமானமும் மழைக்கு முன் ஒன்றுமில்லை. 2024 மே மாதம் கொல்கத்தா ஐபிஎல் அணி லக்னோவில் ஆடிவிட்டுக் கிளம்பியது. கொல்கத்தாவில் வானிலை மோசம். விமானம் குவாஹாட்டிக்குப் போனது. மறுபடி கிளம்பி இறங்கப் பார்த்து, முடியாமல், கடைசியில் வாராணசியில் போய் இறங்கி அங்கேயே இரவு தங்கினார்கள். லக்னோவிலிருந்து வாராணசிக்கு ரயிலில் வந்திருந்தால் அதற்கு முன்பே வந்திருப்பார்கள் என்று எனக்குள் இருக்கும் ரயில்வேக்காரன் சொல்கிறான்.

நம் ஊர் லீகுகளில் பயணத்தை யோசித்து அமைத்தது என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது புரோ கபடிதான். 2014-இல் தொடங்கியபோது அணிகளைத் தனித்தனியாக இங்கும் அங்கும் அனுப்பவில்லை. எல்லா அணிகளும் கூட்டமாக ஓர் ஊருக்குப் போகும். அங்கே சில நாள் ஆட்டம். பிறகு பாய், கோடு, விளக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். அந்த ஊர் அணிக்கு மட்டும் அந்தச் சில நாள்கள் உள்ளூர், மற்றவர்களுக்கெல்லாம் வெளியூர். களைப்பும் எல்லாருக்கும் சமம். இதில் குறை இல்லாமல் இல்லை. சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் நாள் தவறாமல் ஆட வேண்டிவரும்; அந்த வாரம் உடம்பு சரியில்லாமல் போனால் அந்த வருடமே உள்ளூரில் தலைகாட்ட முடியாது. ஆனாலும் தெருக்கூத்து நடத்துகிறவனுக்கும் சர்க்கஸ்காரனுக்கும் தெரிந்த விவரம் இது. நடமாடுவதென்றால் கூட்டாக நடமாடு.

மாலையில் வேறோர் ஊர்க்காரர் வந்து, இன்றிரவு ஒரு நட்பு ஆட்டம் ஆடித் தர முடியுமா, நல்ல தொகை தருகிறோம் என்று கேட்டார். பையன்கள் மருமகனைப் பார்த்தார்கள். மருமகன் என்னைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன். "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆட்டக்கூலியில் வீட்டு வாடகை கட்டுகிறவர்கள் அவர்கள். கானாக்காரன் துண்டை விலக்கி, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டான். நாற்பது என்றதும் மறுபடி துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அதோடு பேச்சு முடிந்தது.

ஐந்தாம் நாள், செவ்வாய் இரவும் புதன் விடியலும்

செர்ப்புளசேரி ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றோம். கடைசிப் பத்து நிமிடம் மருமகன் நடந்துகொண்டுதான் இருந்தான். கேலரியில் ஒருவர் அவனைப் பார்த்துக் கத்தியதை இங்கே எழுத மாட்டேன். நான் எழுந்து நின்று அவரைத் தேடினேன், கூட்டத்தில் தெரியவில்லை.

நடுவே மண்ணார்க்காட்டுக் கமிட்டியிடமிருந்து செய்தி வந்திருந்தது: அரையிறுதி புதன், இரவு 8.30. அதாவது இன்று.

திரும்பும்போது வேனில் யாரும் பேசவில்லை. பூட்ஸ்கள் மட்டும் ஆடின. பாலக்காடு தாண்டியதும் கணவாய்க் காற்று பக்கவாட்டில் வந்து மோத, ஓட்டுநர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். பனைமரங்கள் இருட்டில் தலையை உதறிக்கொண்டு நின்றன. நான் அவர் தூங்கிவிடாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தேன். இந்த ஐந்து நாளும் அவர் எப்போது தூங்கினார் என்று நான் நோட்டில் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு பேரின் உயிரைக் கையில் வைத்திருப்பவர் அவர். முப்பது வருடம் டிரைவர்களின் தூக்கத்தை எண்ணியவனுக்கு இந்த டிரைவர் கண்ணில் படவில்லை. கேட்டேன். ஆட்ட நேரத்தில் ஒரு மணி, பகலில் சீட்டைச் சாய்த்துக்கொண்டு இரண்டு மணி, என்றார். "களி காணுவதில்லையா, ஆட்டம் பார்ப்பதில்லையா?" என்றேன். வந்த முதல் வருடம் பார்த்தாராம்.

சித்தூரில் கள் வண்டிகள் நிற்கும் இடத்தில் கேன்கள் உருளும் சத்தம். இங்கே தோப்புகளில் இறக்கும் கள்தான் வெளி மாவட்டக் கடைகளுக்குப் போகிறது. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேராவிட்டால் புளித்துவிடும் என்பதால் அவர்கள் நேரம் தவறுவதே இல்லை. மைதானத்தில் ராட்டினம் முழுதாக எழுந்து நின்றது, விளக்கில்லாமல்.

கொழிஞ்சாம்பாறை, 3.40. சைன் ஆஃப் எழுதினேன்.

மருமகனுக்குக் கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலை. 7 மணி ஷிப்டு. அலாரத்தை 6 மணிக்கு வைத்துவிட்டு, கணுக்காலில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு, எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே சாய்ந்துவிட்டான். கைப்பேசி அவன் நெஞ்சின்மேல் ஏறி இறங்கியது. மெதுவாக எடுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

5.35-க்கு அது அதிர்ந்தது. மண்ணார்க்காட்டுக் கமிட்டிக்காரர். விடியல் தொழுகை முடித்த கையோடு கூப்பிடுகிறார் போலிருக்கிறது. குரல் உற்சாகமாக இருந்தது. வேன் இன்று எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டார். நோட்டைத் திறந்து விளக்கடியில் பிடித்தேன்.

"ஓய்வு முடிய இன்னும் பதினான்கு மணி நேரம் ஐந்து நிமிடம் பாக்கி" என்று சொல்லி அணைத்துவிட்டேன்.